இரண்டு விரல் உயரம்

திறந்த கார்களுக்குத் துணிக்கூரை தைப்பது ஒத்தாவியாவின் வேலை. அவள் தைத்த கூரைகள் கலிபோர்னியாவில் இருந்தன, ஹாம்பர்க்கில் இருந்தன, கடலோரத்துப் பணக்கார ஊர்கள் எல்லாவற்றிலும் இருந்தன. ஆனால் அப்படி ஒரு கூரை மடிந்து கிடக்க, தலைக்கு மேல் வானம் மட்டும் இருக்க, ஒரு காரில் உட்கார்ந்து போன அனுபவம் அவளுக்குக் கிடையாது. அவளுக்கு மட்டுமல்ல, அந்தத் தையல்கூடத்தில் எவளுக்கும் கிடையாது.

இத்தாலியின் தூரின் நகரத்தில், சான் பாவ்லோ பேட்டையில் அறுபதுகளில் தெருவுக்கு ஒரு பாடி கட்டும் பட்டறை இருந்தது. எஞ்சினும் சக்கரமும் பெரிய கம்பெனிகளிடமிருந்து வந்து சேரும். அவற்றுக்கு உடம்பு கொடுத்து, உடுப்பு மாட்டி, மினுக்கி அனுப்புவது பட்டறைக்காரர்கள் பாடு. ஒத்தாவியா வேலை பார்த்த பட்டறையில் மாடியில் தையல்கூடம், கீழே தகடு தட்டுகிறவர்கள். மாடியில் தைத்த கூரையைக் கீழே கொண்டுபோய் இரும்புச் சட்டத்தில் இழுத்து மாட்டுவார்கள். மாட்டியபின் சில வாரங்களுக்கு அதை மடிக்கவே கூடாது. புதுத் துணி புதுச் செருப்பு மாதிரி. பழகும்வரை அதன் போக்கில் விட வேண்டும். விறைப்பாக நின்று தன் வடிவத்தைக் கற்றுக்கொள்ளும் முன் மடித்துவிட்டால், அந்தச் சுருக்கம் ஆயுசுக்கும் போகாது. அதனால் கூரை மூடியபடியே கார்கள் லாரி ஏறும், மூடியபடியே ஜெனோவாவில் கப்பல் ஏறும். திறப்பது வாங்கியவனின் உரிமை. செய்தவர்கள் பார்த்ததெல்லாம் முக்காடு போட்ட கார்களைத்தான்.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு விளம்பரப் படம் ஒட்டியிருந்தது. கடலோரச் சாலை, சிவப்புக் கார், அதில் ஒரு பெண். தலையில் கட்டிய நீலத் துணியின் முனை பின்பக்கம் பறந்துகொண்டிருக்கும்.

“இதுல நம்ம வேலை எங்கடி இருக்கு? ஒண்ணையும் காணோமே” என்றாள் ஒருநாள் பக்கத்து மிஷின்காரி, வாயில் குச்சி ரொட்டியை வைத்துக்கொண்டு.

“காணோம்ல? அதுதான் நம்ம வேலை” என்றாள் ஒத்தாவியா.

மேசை முழுக்கச் சிரித்தது. ஒத்தாவியாவும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்தபின்னும் அவள் கண் அந்தத் தலைத்துணியின் முனையிலேயே நின்றது. தூரத்தில் இருப்பதற்குத்தான் மனிதர்கள் ஏங்குகிறார்கள் என்று சொல்வார்கள். முழுக்கச் சரியென்று தோன்றவில்லை. தினமும் கையால் தொட்டுவிட்டு அனுப்பி வைக்கிற பொருளுக்கு ஏங்குவது வேறு வகை. அதற்குத் தூரம் தேவைப்படுவதில்லை. தொட்டதே போதும்.

எவாசியோ கீழ்த்தளத்து ஆள். மரத்தில் செதுக்கிய முழு அளவு மாதிரி ஒன்று கீழே நிற்கும்; அதன்மேல் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி, அதே உருவத்துக்குக் கொண்டுவருகிறவர்களில் ஒருவன். வாரம் முழுக்கச் சுத்தியல் சத்தத்தில் நின்று, கல்யாண வயசு வருவதற்குள்ளேயே அவனுக்குக் காது மந்தமாகியிருந்தது. ஒருநாள் மாடி ஏறி வந்து, தையல்கூடத்தின் நடுவில் நின்று, ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

“யாரு தெச்ச கூரை அது? துணி என் தகட்டை இழுக்குது!”

“தகடு கோணலா இருந்தா துணி என்ன பண்ணும்? அழுமா?” என்றாள் ஒத்தாவியா, மிஷினிலிருந்து தலை தூக்காமல்.

“என்ன சொன்னே? மூஞ்சியக் காட்டிச் சொல்லு. எனக்குக் காது கேக்காது.”

அவள் தலையைத் தூக்கி, ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்து, அதையே திரும்பச் சொன்னாள். அவன் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். பதில் சொல்ல வந்தது மறந்துவிட்டது. கோடை முடிவதற்குள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

உதட்டைப் பார்த்தால்தான் அவனுக்குப் பேச்சு. இது ஒத்தாவியாவுக்கு ஆரம்பத்தில் கஷ்டமாக இருந்தது, பிறகு வசதியாகிவிட்டது. திட்ட வேண்டியதையெல்லாம் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திட்டிவிடுவாள். சோளக்களியைக் கிண்டிக்கொண்டே அடுப்பைப் பார்த்து, “மரமண்டை, பொண்டாட்டி செத்தாக்கூட அந்தத் தகட்டைத்தான் தடவிட்டு நிப்பான்” என்பாள். பின்பு திரும்பி, “தட்டை எடு” என்பாள். அவன் தட்டை எடுப்பான். இப்படி ஒரு குடும்பம் பெரிய சண்டை இல்லாமல் நடந்தது. நல்ல முறை என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் பாதிப் பேச்சு சுவருக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தச் சுவருக்குத்தான் அந்த வீட்டைப் பற்றி முழுதும் தெரியும்.

எவாசியோவின் உயிர் ஒரு காரில் இருந்தது. கம்பெனி அதற்கு என்னவோ எண்ணும் எழுத்தும் பெயராக வைத்தது. பட்டறையில் எல்லோரும் ‘கரண்டி’ என்றார்கள். இரண்டே பேர் உட்காரும் சின்னக் கார். முன்விளக்கில் தொடங்கும் ஒரு கோடு கதவருகே கொஞ்சம் தாழ்ந்து, மீண்டும் எழாமல், அப்படியே வழிந்து போய், கவிழ்த்து வைத்த கரண்டியின் முதுகைப் போல வாலில் உருண்டு முடியும். மேலே வரைபட அறையில் ஒரு மனிதர், சுவர் அளவு தாளில், கரித்துண்டால் ஒரே வீச்சில் இழுத்த கோடு அது. அவர் வரைந்த படத்தில் கூரை கிடையாது. காரில் ஒரு பெண்ணும் ஆணும், தலைமேல் வெறும் தாள்.

எவாசியோ முதல் வண்டிக்கு வால் தட்டினான். மர மாதிரியோடு உள்ளங்கை பேதமறியாத அளவுக்குத் தட்டினான். பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வாலை இரண்டு விரல் உயர்த்தி மர மாதிரியை மாற்றினார்கள். அதற்குப் பிறகு வெளியே போன கரண்டிகள் எல்லாம் உயர்ந்த வால் கொண்டவை. உலகம் பார்த்ததும் புகழ்ந்ததும் அதைத்தான். முதல் வண்டியை நசுக்கிப் பழைய இரும்பில் போட்டுவிட்டார்கள்.

“ரெண்டு விரல்” என்பான் எவாசியோ, ஞாயிற்றுக்கிழமை பார்பெரா ஒயின் உள்ளே போனதும். கட்டை விரலை மடக்கி, இரண்டு விரலைப் படுக்கவைத்துக் காட்டுவான். “ரெண்டே விரல். கொன்னுட்டானுங்க.”

எதற்காக உயர்த்தினார்கள் என்று அவன் ஒருபோதும் சொல்லவில்லை. ஒத்தாவியாவும் கேட்கவில்லை. கோயில் மணிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மணி கேட்காது என்பதுபோல, அந்த ‘ரெண்டு விரல்’ அவள் காதில் விழுவது எப்போதோ நின்றுவிட்டது.

அவளுடைய பேச்சு வேறு. “ஒரு நாள், ஒரே ஒரு நாள், கூரையத் தொறந்துட்டு சுபெர்கா குன்றுக்குப் போகணும். நான் தெச்சதைத் தொறந்து நானே பாக்கணும்” என்பாள். இதை மட்டும் அவள் எப்போதும் அவன் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

“செய்வோம்” என்பான் அவன்.

இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், கிவாஸோவுக்குப் போகும் சாலையில் ஒரு உடைசல் கடையில் ஒரு கரண்டி கிடைத்தது. பின்னால் லாரி மோதி வால் நசுங்கிப்போனது. எஞ்சின்காரன் ஜெலிந்தோ, பழைய பட்டறைத் தோழன், அதைக் கயிறு கட்டி இழுத்துவந்தான். குடியிருப்பு முற்றத்தின் மூலையில் கார் நிறுத்தும் கொட்டகை. அதற்குள் நுழைந்த எவாசியோ சாப்பிடவும் தூங்கவும் மட்டுமே வெளியே வந்தான்.

ஜெலிந்தோ எஞ்சினைப் பார்த்துக்கொண்டான். எவாசியோ வாலைப் பார்த்துக்கொண்டான். மூன்றாம் மாடிக்காரி பால்கனியிலிருந்து, “சின்யோர் எவாசியோ, உங்களுக்குத்தான் கேக்காது, எங்களுக்கெல்லாம் கேக்குது!” என்று தினமும் கத்தினாள். அவன் மேலே பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னான். வாழ்த்துகிறாள் என்று நினைத்திருப்பான். அல்லது நினைத்ததுபோல நடித்திருப்பான்.

ஒத்தாவியா சமையலறை மேசையில் கூரை தைத்தாள். மணல் நிறத் துணி. பட்டறையில் ஒரு கூரைக்கு ஐந்து கை படும். ஒருத்தி ஓரம், ஒருத்தி நடு, ஒருத்தி பட்டி. இது முழுக்க அவள் கை. தைக்கும்போதெல்லாம் இதை மடிக்கப்போகும் நாளைத்தான் நினைத்துக்கொண்டாள். மார்க்கெட்டில் நீல நிறத்தில் ஒரு தலைத்துணி வாங்கி அலமாரியில், உள்ளாடைகளுக்கு அடியில் வைத்தாள். அந்த வயதில் அதை வெளியே வைக்க வெட்கமாக இருந்தது.

கூரை மாட்டிய அன்று மூவரும் கொட்டகை வாசலில் நின்று வெர்மூத் குடித்தார்கள்.

“தொறக்கலாமா?” என்றாள்.

“துணி படியட்டும்” என்றான் எவாசியோ. “உனக்குத் தெரியாததா?”

அவளுக்குத் தெரிந்ததுதான். காத்திருந்தாள். துணி படிந்தது. அப்போது ஏப்ரல் மழை. பிறகு பாப்லர் மரங்கள் பஞ்சு விடும் காலம்; திறந்தால் சீட்டெல்லாம் பஞ்சு. பிறகு கொசு. பிறகு அவன் கழுத்துப் பிடிப்பு. பிறகு பனி. அடுத்த வருஷமும் அதே வரிசை. மூடிய கூரைக்குள் உட்கார்ந்து இருவரும் ஞாயிறுகளில் போய்வந்தார்கள். உள்ளே பசையும் பழைய தோலும் வெந்த வாடை. பின்னால் பார்க்க ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். அது வெங்காயச் சருகு நிறத்துக்கு வந்துவிட்டிருந்தது. அதன் வழியே தெரிந்த உலகம் கலங்கிய சூப் மாதிரி இருந்தது.

“திறந்த கார் வெச்சிருக்கேன்னு ஊர்ல சொல்றேன்” என்று அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள், அவனுக்குத் தெரியாமல். “சவப்பெட்டிக்குக்கூட இதைவிடக் காத்து வரும்.”

மூன்றாவது வசந்தத்தில் ஜெலிந்தோ செய்தி கொண்டுவந்தான். நாடு முழுவதுமுள்ள கரண்டிக்காரர்கள் மே மாத ஞாயிறு ஒன்றில் தூரினில் கூடுகிறார்கள். நதிக்கரையிலிருந்து ஊர்வலமாக சுபெர்கா உச்சிக்கு. பட்டறையின் பழைய ஆட்களுக்கும் அழைப்பு.

“எல்லாரும் கூரைய மடிச்சிட்டுதான் வருவாங்க. நீங்க மட்டும் சாமியார் மடம் மாதிரி மூடிட்டு வரப்போறீங்களா?” என்றான் ஜெலிந்தோ. சொன்னபின் ஏனோ எவாசியோவின் முகத்தைப் பார்த்துவிட்டு, காப்பிக் கோப்பைக்குள் பார்வையை இறக்கிக்கொண்டான்.

ஒத்தாவியா எவாசியோவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “இங்க பாரு. அந்த ஞாயித்துக்கிழமை தொறந்துட்டுப் போறோம். மழை, பஞ்சு, கொசு, கழுத்து, ஒண்ணும் பேசக் கூடாது. எனக்கு அறுபத்தஞ்சாச்சு. இன்னும் எத்தனை வசந்தம் துணி படியணும்?”

“பாக்கலாம்” என்றான்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், அவன் பேட்டைக் கழகத்துக்கு இரும்புப் பந்து உருட்டி விளையாடப் போனான். ஒத்தாவியா ஒரு காரியம் ரகசியமாகச் செய்துவைத்திருந்தாள். மடித்த கூரையை மூடிவைக்க, அதே மணல் நிறத்தில் ஓர் உறை. அளவு சரிதானா என்று பார்க்க அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கதவைத் திறந்து, சீட்டை முன்னால் சாய்த்து, கூரை மடிந்து உட்காரவேண்டிய பள்ளத்துக்குள் கையை விட்டாள்.

கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

வேறெங்கோ விட்டுவிட்டோம் என்று நினைத்து மறுபடி விட்டாள். கீழே பெட்ரோல் தொட்டி. மேலே எவாசியோவின் தகடு. நடுவே ஒரு ரொட்டியைப் படுக்கப் போடலாம், அவ்வளவுதான். தன் கூரை எவ்வளவு பருமனுக்கு மடியும் என்று அவளுக்குத் தெரியும். தன் வீட்டுப் போர்வைகளின் பருமன் தெரிவதுபோலத் தெரியும். அது இதற்குள் போகாது. இந்த வருஷமும் போகாது, எந்த வருஷமும் போகாது.

வெளியே வந்து வாலைப் பார்த்தாள். மூன்று வசந்தமாகப் பார்க்கிற வால்தான். இப்போதுதான் கண்ணில் பட்டது. கதவைத் தாண்டிய கோடு எங்கும் எழவில்லை. வழிந்துகொண்டே போய் உருண்டு முடிந்தது. அவள் கட்டை விரலை மடக்கி, இரண்டு விரலைப் படுக்கவைத்து, வாலின் மேல் வைத்தாள். அந்த இடைவெளியில்தான் தன் கூரை இருந்திருக்க வேண்டும்.

இரண்டு விரல் எதற்காக உயர்ந்தது என்பதும் அப்போதே புரிந்தது. கூரை வேண்டும் என்று விற்பனைக்காரர்கள் கேட்டிருப்பார்கள். கூரைக்கு மடிய இடம் வேண்டும். மாடியில் உட்கார்ந்து அவளும் அவள் தோழிகளும் தைத்ததற்கு இடம் விட்டுத்தான், கீழே அவனுடைய கோடு செத்திருக்கிறது. இத்தனை வருஷம் ‘கொன்னுட்டானுங்க’ என்றானே தவிர, யார் என்று அவன் சொன்னதில்லை.

அவள் உறையை மடித்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

எவாசியோவும் ஜெலிந்தோவும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தபோது, அவள் சமையலறை மேசையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்த உறை. இருவரும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

“நீயும் கூட்டுத்தானே?” என்றாள் ஜெலிந்தோவைப் பார்த்து.

“நான் எஞ்சின்காரன் தாயே. பின்பக்கம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல.”

“வாய மூடு. எவாசியோ, இங்க உக்காரு. என் மூஞ்சியப் பாரு. அந்தப் பள்ளத்துல என் கூரை போகாதுன்னு எப்ப தெரியும் உனக்கு?”

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். “முதல் தட்டுலயே.”

“முதல் தட்டுலயே தெரிஞ்சுதான் என்னை இங்க உக்காரவெச்சு கூரை தெக்கவிட்டியா?”

“கரண்டிக்கு வால் தட்டக் கை வெச்சேன்… கை அங்கதான் போச்சு ஒத்தாவியா. அந்தப் பழைய இடத்துக்கு. ஒசத்தித் தட்டலாம்னு தினமும் நெனைப்பேன். தினமும் கை அங்கயே போகும். உலகத்துல ஒரு வண்டியாவது அந்தக் கோட்டோட இருக்கணும்ல? ஒண்ணே ஒண்ணு.”

“நான்?” என்றாள் அவள்.

அவன் அவள் உதட்டைப் பார்த்தபடியே இருந்தான். இன்னும் ஏதாவது வரும் என்று.

“பாதி மடிச்சுக் கயித்தால கட்டிடலாமே?” என்றான் ஜெலிந்தோ, கதவோரம் நின்று. “கொஞ்சம் மேல துருத்திட்டு நிக்கும். கழுதை மேல மூட்டை மாதிரி. அதனால என்ன?”

ஒத்தாவியாவும் எவாசியோவும் ஒரே நேரத்தில் அவனை முறைத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் மறுத்ததில்லை. ஜெலிந்தோ போய்விட்டான்.

அவள் எழுந்து அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் அசைந்தது. நிறையச் சொன்னாள். தகட்டைத்தான் கட்டியிருக்கிறாய் என்றாள். வரைந்தவனுக்கே மறந்துபோன ஒரு கோட்டுக்காக, எதிரில் இருக்கிறவளுக்கு மூன்று வசந்தம் பொய் சொன்னாய் என்றாள். வானத்தைப் பார்க்கக்கூட உன் வாலின் அனுமதி வேண்டுமா என்றாள். எல்லாம் சுவருக்குப் போயிற்று. அவன் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இத்தனை வருஷத்தில் அந்த முதுகு பேசுவது அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

ஞாயிறு காலை அவள் கண் விழித்தபோது படுக்கையில் அவன் இல்லை. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கொட்டகை திறந்திருந்தது. கார் வெயிலில் பாதி வெளியே நின்றது. எவாசியோ வாலின் பக்கத்தில் குந்தி, கையில் சாக்பீஸோடு இருந்தான். வாலைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தான். அந்தக் கோட்டோடு வெட்டி, இரண்டு விரல் உயர்த்தி, மறுபடி ஒட்டவைப்பதற்கான கோடு. பக்கத்தில் தகடு வெட்டும் கத்தரி கிடந்தது. அவன் அதை எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தான்.

ஒத்தாவியா உள்ளே போய்த் தையல் பெட்டியைத் திறந்து, தையல் பிரிக்கிற சிறு கத்தியை எடுத்தாள். படி இறங்கினாள்.

அவன் அவளைப் பார்த்ததும் எழுந்தான். “இன்னிக்கு முடியாது. ஆனா ஒரு மாசத்துல ஒசத்திடறேன். சத்தியமா. அடுத்த கூட்டத்துக்கு…”

“அந்தக் கோட்டை அழி” என்றாள்.

“ஒத்தாவியா…”

“அழிய்யா. துணி ஏதாவது எடுத்துத் தொடை.”

அவள் கார்க் கதவைத் திறந்து சீட்டில் முழங்காலிட்டு, கூரையின் பின்பட்டியில் கத்தியின் முனையைக் கொடுத்தாள். முதல் தையல் ‘டக்’கென்று விட்டது. அந்தச் சத்தம் எவாசியோவுக்குக் கேட்டிருக்காது, கத்தியைப் பார்த்திருப்பான். ஓடிவந்து அவள் கையைப் பிடித்தான். கோபத்தில் கிழிக்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு, முகத்தை அவன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள்.

“நான் கேட்டது காத்து. கூரை இல்ல. கூரையத்தான் ஆயுசு பூரா தெச்சாச்சே.”

அவன் அந்த உதடுகளை ஒருமுறைக்கு இருமுறை படித்தவன்போல நின்றான். பிறகு கொட்டகைக்குள் போய் ஸ்பானரோடு திரும்பினான். அவள் துணியைப் பிரிக்கப் பிரிக்க, அவன் சட்டத்தின் போல்ட்டுகளைக் கழற்றினான். துணியை அவள் கிழிக்கவில்லை. எந்த வரிசையில் தைத்தாளோ அதைத் தலைகீழாகப் பிரித்தாள். மூன்றாம் மாடிக்காரி பால்கனியில் நின்று, “என்ன நடக்குது அங்க? ஞாயித்துக்கிழமையுமா?” என்றாள். ஜெலிந்தோ வந்து சேர்ந்தபோது மணல் நிறத் துணி நான்காக மடிந்து முற்றத்துப் பெஞ்சின் மேல் இருந்தது. இரும்புச் சட்டம் சுவரில் சாய்ந்திருந்தது. கார் மட்டும் நின்றது, அந்த வரைபடத்தாளில் இருந்ததுபோல.

ஜெலிந்தோ ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வானத்தை அண்ணாந்து பார்த்தான். மலைப் பக்கம் மேகம் கூடிக்கொண்டிருந்தது. “மழை வந்தா?”

“நனைவோம்” என்றாள் ஒத்தாவியா. அலமாரியிலிருந்து எடுத்துவந்த நீலத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டாள். ஜெலிந்தோ ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தவன், அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

நதிப் பாலத்தைத் தாண்டிக் குன்றுப் பாதை தொடங்கியதும் எவாசியோ வேகம் கொடுத்தான். காற்று வந்தது. அவள் நினைத்துவைத்திருந்தது மெல்லிய, நீலமான ஒரு காற்று. இது முரட்டுக் காற்று. கண்ணில் நீர் வரவைத்தது, வாயைத் திறந்தால் வாய்க்குள் புகுந்தது, காதை அடைத்தது. அவள் ஏதோ சொன்னாள். சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. அவன் எப்போதும் இருக்கிற இடம் இதுதான் போல, என்று அவளுக்குப் பட்டது. பேச்செல்லாம் உதட்டு அசைவாக மட்டும் இருக்கிற இடம். இவ்வளவு காலம் அவள் அங்கே போனதில்லை.

உச்சியில் கரண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் கூரையை மடித்து, உயர்ந்த வாலுக்குள் ஒழுங்காக ஒளித்துவைத்தவை. பெர்கமோவிலிருந்து வந்த ஒருவர் இவர்கள் காரைப் பார்த்து, “உங்க கூரை எங்க சின்யோரா?” என்றார்.

“வீட்டு முத்தத்துல, பெஞ்சு மேல.”

அவர் சிரித்தார். வாலை யாரும் கவனிக்கவில்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்தக் காரின் அழகைப் பற்றித்தான் மதியம் முழுக்கப் பேசினார்கள். இரண்டு விரல் எவர் கண்ணிலும் படவில்லை. எவாசியோ யாருக்கும் காட்டவும் இல்லை. கை பிசைந்துகொண்டு ஓரமாக நின்றான். ஒரு பொருளை உள்ளபடி பார்க்க அறிவு மட்டும் போதாது, அதை இழந்தும் இருக்க வேண்டும் போலிருக்கிறது. அங்கே வந்திருந்தவர்கள் எதையும் இழந்தவர்கள் இல்லை.

இறங்கும்போது மழை பிடித்தது. முதலில் கண்ணாடியில் இரண்டு சொட்டு. பிறகு முழங்காலில். எவாசியோ வேகத்தைக் குறைத்து, பாதையோரம் ஒரு கஷ்கொட்டை மரத்தடியைக் கையால் காட்டினான், நிற்கலாமா என்று. ஒத்தாவியா கையை முன்னால் வீசிக் காட்டினாள். போ.

ஆயுசு முழுக்க மழையிலிருந்து மற்றவர்களைக் காப்பாற்றியவள் தலையில் மழை இறங்கியது. நீலத் துணி நனைந்து கழுத்தோடு ஒட்டியது. அந்த விளம்பரப் படத்தைப் போலப் பறக்கவில்லை. காத்திருந்த நாள் வந்துவிட்டது, நடந்தும் முடியப்போகிறது. ஆனாலும் அந்த ஏக்கம் எங்கேயும் போய்விடவில்லை என்பதை அவள் கொஞ்சம் வியப்போடு கவனித்தாள். உள்ளே அதே இடத்தில்தான் இருந்தது. எதற்காக என்பது மட்டும் மாறியிருந்தது. இந்தப் பாதை இன்னும் நீளமாக இருக்கக்கூடாதா என்று இருந்தது. இந்த மனிதனோடு இன்னும் கொஞ்ச வருஷம் இருக்கக்கூடாதா என்று இருந்தது.

அவள் சீட்டில் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். வெங்காயச் சருகு ஜன்னல் இல்லை, கூரை இல்லை. மழைத்தண்ணீர் கதவோரத்துத் தாழ்விலிருந்து தொடங்கி, எங்கும் தடுக்காமல், எங்கும் தேங்காமல், அந்த உருண்ட முதுகின் மேல் வழிந்து விளிம்பில் போய் உதிர்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோடு அழிந்த இடத்தில் கொஞ்சம் சாக்பீஸ் தூள் கரைந்து, பால் மாதிரி ஓடியது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான்யா தட்டியிருக்கே” என்றாள், வாலைப் பார்த்தபடியே.

தோள் அசைந்ததை அவன் பார்த்துவிட்டான். அவள் கையைத் தட்டினான்.

“என்ன சொன்னே?”

அவள் திரும்பி, அவனுக்குத் தெரியும்படி உதட்டை அசைத்துச் சொன்னாள்.

“ரோடு வழுக்குது. பாத்து ஓட்டு.”